வெறும் வேன்

பக்கக் கதவு திறந்திருப்பதாகச் சிவப்பு விளக்கு காட்டியது.

தலவாக்கலை டவுனைத் தாண்டி, தோட்டத்து ரோட்டில் திரும்பி, முதல் ஏற்றத்தில் கியரை மாற்றும்போதுதான் லோஜினி அதைக் கவனித்தாள். கராஜில் இருந்து புறப்படுமுன் அந்தக் கதவை அவளே இழுத்துச் சாத்தியிருந்தாள். மழைக் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. திறந்து, இன்னொரு முறை ஓங்கிச் சாத்தினாள். அந்தச் சத்தம் தேயிலைச் சரிவில் இறங்கி எங்கோ கீழே ஓடைப் பக்கம் போய்த் தேய்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது விளக்கு அணைந்திருந்தது.

பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டாள்.

அது டொல்பின் வேன். கட்டாரில் இருக்கும் அவள் புருஷன் சுதாகரன் போனிலேயே பேசி முடித்து, பூண்டுலோயாவில் ஒருவரிடம் வாங்கியது. ஊசிமலைத் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக அவள்தான் ஓட்டினாள். பெண்பிள்ளை வேன் ஓட்டுகிறாள் என்று ஆரம்பத்தில் லயத்து வரிசை வீடுகளில் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை. இப்போது அவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “இன்னைக்கு எங்க நின்னுச்சு?”

வேன் நின்றுவிடும். ஓடிக்கொண்டே இருக்கும்போது, இருமாமல் திணறாமல், யாரோ வாயைப் பொத்தியது போல எஞ்சின் அடங்கிப் போகும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகும். இதில் ஒரு விசேஷம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு நாளும் நின்றதில்லை. வெறும் வேனாகத் திரும்பும்போது மட்டும்தான்.

டவுனில் வாகனங்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கும் சிப்னாஸுக்கு அதில் அதிசயம் எதுவும் தெரியவில்லை. “பாரம் ஈக்கக்குள்ள வண்டிட பொடி கீழ அமுங்கும் தங்கச்சி. வெறுமன ஓடினா மேல எழும்பி எங்கயோ ஒரு வயர் இழுபடுது. அதான் கரண்ட் விட்டு விட்டு வருது,” என்று இன்றைக்குப் பகல் முழுவதும் வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தான். எர்த் வயரை மாற்றினான். பெட்டரி முனைகளைச் சுரண்டினான். பிறகு அவளைக் கூப்பிட்டு, முன்னால் இடதுபக்க சீட்டைத் தூக்கி, கீழே கறுத்துக் கிடந்த எஞ்சினைக் காட்டினான். “டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்ல. பம்புக்கு மேல இந்தா, இந்த ஒத்த வயர். இதுல கரண்ட் நிண்டா டீசல் நிக்கும். டீசல் நிண்டா வண்டி நிக்கும். வேற மர்மம் ஒண்டும் இல்ல.”

இரண்டு வயர் பூட்டிய சின்ன பல்பு ஒன்றையும் கையில் கொடுத்தான். ஒரு வயரை இரும்பில் பிடித்து மற்றதை அந்த ஒற்றை வயரின் முனையில் வைத்தால், கரண்ட் இருந்தால் எரியும்.

“இல்லாட்டி ஒரு வழி ஈக்கு,” என்று சிரித்தான். “ஆள ஏத்திட்டுப் போங்க. ஆள் நெறஞ்சா நிக்காது.”

மதியம் பிள்ளைகள் வேறொரு வேனில் போய்விட்டார்கள். அவளுடைய மகள் பிரியந்தியும் அதில்தான் போனாள். ஏழு வயது, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அம்மா வரும்வரை பக்கத்து வீட்டு ஜீவராணி அக்காவிடம் இருப்பாள். லோஜினி மணியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, வெளிச்சம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பனி, கொழுந்து வரிசைகளுக்கு நடுவே ஊர்ந்து ஏறி, ரோட்டின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

பாலத்துக்கு முந்திய வளைவில் வேன் நின்றது.

வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்றது. ரேடியோவின் இரைச்சல் நின்றது. மழையின் சத்தம் மட்டும் தகரக் கூரையில் பெரிதாகிக்கொண்டே வந்து, அதற்குள் தன் மூச்சையும் அவள் கேட்கத் தொடங்கினாள். முன்பு ஏதோ பஸ் நின்று போன இடம் அது. கூரை போன சிமெந்துத் திண்டு ஒன்று புல்லுக்குள் கிடந்தது. அதில் யாரும் இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டைத் தூக்கினாள். சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. பெட்டரி முனை இறுகத்தான் இருந்தது. டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பல்பின் ஒரு வயரை இரும்பில் பிடித்து, மற்றதை ஒற்றை வயரின் முனையில் வைத்தாள்.

எரியவில்லை.

வைத்தபடியே இருந்தாள். அப்போது வேன் இடது பக்கமாக மெல்லச் சாய்ந்தது. யாரோ படியில் கால் வைத்து ஏறும்போது சாய்வது போல. பின் ஸ்பிரிங் முனகியது. வேன் நிமிர்ந்தது. பல்பு எரிந்தது.

சிப்னாஸ் சொன்னது சரிதான் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. பாரம். பாரம் விழுந்ததும் வயர் சேர்ந்துகொண்டது. சாவியைத் திருப்பினாள், எஞ்சின் பிடித்தது. சீட்டை இறக்கி, கியர் போட்டு, பாலத்தைக் கடந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

என்ன பாரம்?

மழையில் ஊறிய ரோட்டோரம் சக்கரத்தின் கீழ் அமுங்கியிருக்கும். அப்படித்தான் இருக்கும். ஆனால் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள்.

அடுத்து வேன் கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் நின்றது. அதுவும் மழைக்குள் காலியாக நின்ற இடம்தான். தூண்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்ட தராசுக் கொக்கி மட்டும் காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் உடனே குனியவில்லை. காது கொடுத்தாள். பக்கக் கதவின் உருளைகள் தண்டவாளத்தில் நகரும் அந்தக் கரகரப்பை அவள் தினமும் கேட்கிறவள். அது இப்போது மிக மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்று திறப்பதைப் போல, நீண்டு கேட்டது. குளிர் காற்று கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டது. வேன் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

வாசனை வந்தது. நனைந்த கம்பளியின் வாசனை. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் ஈரம், வெற்றிலை, தலைவலித் தைலம், நாளெல்லாம் மழையில் நின்ற உடம்பின் சூடு. வேலை விட்டு வரும் பெண்கள் பக்கத்தில் வந்து நின்றால் வருகிற வாசனை. அவள் அம்மாவிடம் இருந்த வாசனை. பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

ஆனாலும் அவள் கை போனைத் தேடியது.

போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. சிப்னாஸை அழைத்தாள்.

“சிப்னாஸ் நானா, மறுபடி நின்னுருச்சு.”

“எங்க?”

“மடுவத்துக்கிட்ட. கதவு... அந்தப் பக்கக் கதவு சரியா பூட்டுதில்ல போல.”

“கதவுக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்ல தங்கச்சி. பியூஸ் பெட்டியப் பாருங்க. பெரிய பியூஸ் கறுத்து ஈக்கா?” எதையோ காது கொடுத்துக் கேட்டான். “அவசரப்படாம செய்யுங்க. முதல்ல ஆக்கள எறக்குங்க. எஞ்சின் சூடு, சீட்டத் தூக்கக்குள்ள யாரும் பக்கத்துல ஈக்க வேணாம்.”

“யாரும் இல்லீங்க நானா. நா மட்டும்தான்.”

மறுமுனையில் கராஜ் தகரத்தில் மழை விழுவது கேட்டது.

“பேசுற சத்தம் கேக்குதே,” என்றான். “பொம்பளைங்க. நெறயப் பேரு.” பிறகு, அவளுக்காகவோ தனக்காகவோ, “லைன்ல வேற பேச்சு விழுதாக்கும்,” என்றான். அதற்குப் பிறகு கோடு இல்லை.

அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, உள்கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பிவிட்டாள். சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்தது.

இனி நிறுத்தாமல் போய்விட வேண்டும். மேலே இருப்பது நாலைந்து வளைவுதான். ஆனால் வழக்கமாக இரண்டாம் கியரில் ஏறும் ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்கியது, முதல் கியருக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்டியரிங் கையில் லேசாகிக் கிடந்தது, முன்சக்கரம் நிலத்தில் படாததைப் போல. ஹெட்லைட்டைப் போட்டபோது வெளிச்சம் ரோட்டில் விழவில்லை. ரோட்டுக்கு மேலே, சவுக்கு மரங்களின் உச்சியில், பனியில் விழுந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். காலையில் பிள்ளைகளும் பைகளுமாக வேன் நிறைந்திருக்கும்போதுகூட அது இவ்வளவு உயரம் பார்த்ததில்லை.

கண்ணாடிகள் உள்ளிருந்து மூடத் தொடங்கின. முதலில் கடைசி வரிசை. பிறகு அதற்கு முந்தியது. ஆவி, கண்ணாடி கண்ணாடியாக முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. ஒருத்தியின் மூச்சுக்கு இவ்வளவு ஆவி வராது.

ஆள் நிறைந்தால் நிற்காது. வெறும் வேனாகத் திரும்பும்போது மட்டும்தான் நிற்கும். இரண்டு மாதமாக அவள் அதைப் பழுது என்று நினைத்திருந்தாள்.

நின்று நின்று, ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

காலையில் பெயர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மூன்றாவது முறை நின்றது. கதவு இப்போது ஒளித்துத் திறக்கவில்லை. ஓடித் திறந்தது. கால்கள். தகரப் படியில் ஈரக் கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளாமல், அவசரமில்லாமல், வரிசையில் நின்று பழகியவர்கள் ஏறுவதைப் போல. ஒவ்வொரு காலுக்கும் வேன் ஒருமுறை தாழ்ந்தது. ரெக்சின் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் காற்றை விட்டன. அவளுக்கு நேர் பின்னால் இருந்த சீட்டு கடைசியாக அமுங்கியது. அதில் உட்கார்ந்தவளின் முழங்கால் அவள் முதுகில் முட்டியது.

லோஜினி தன் பக்கக் கதவின் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. பூட்டுக் குமிழ் கீழே இருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. பழுதாகிச் சிக்கிய குமிழ் அப்படி இருக்காது. இன்னொரு விரல் அழுத்திப் பிடித்திருப்பதைப் போல அது எதிர்த்தது. ஜன்னல் பொத்தானை அழுத்தினாள். கரண்ட் இல்லை. எட்டி மற்றப் பக்கக் குமிழையும் இழுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

“எறங்கிடுறேன்,” என்றாள், முன் கண்ணாடியைப் பார்த்தபடி. “வேனக் கொண்டு போங்க. நா எறங்கிடுறேன்.”

பின்னால் யாரோ இருமினாள். நெஞ்சில் சளி கட்டிய, வெகுநாள் இருமல். பிறகு காத்திருந்தார்கள்.

அவள் காத்திருந்து பார்த்தாள். மழை தூறலாகத் தணிந்தது. வெளிச்சம் முழுதாகப் போனது. கதவு திறக்கவில்லை, பழுதும் சரியாகவில்லை. ஓட்டினால்தான் விடுவார்கள் என்று கடைசியில் விளங்கியது. சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது.

ஒரு வளைவு ஏறினாள். இன்னொரு வளைவு. பனிக்குள் மஞ்சளாக லயத்து விளக்குகள் தெரிந்தன. எத்தனையோ சாயங்காலம் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் தோள் இளகும். இன்று பெடலில் இருந்த காலைத் தளர்த்தினாள். இந்த ரோட்டுக்கு அதற்கு மேல் போக இடமில்லை. இவர்களை அவள் எங்கே கொண்டு போகிறாள்? அவளுடைய வாசலுக்கு. வேன் வந்து நின்றதும் ஒரு சின்ன உருவம் ஓடி வந்து கதவில் கை வைக்குமே, அந்த வாசலுக்கு.

பிரேக்கை மிதித்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சீட்டைத் தூக்கி, கை சுட்டதைப் பார்க்காமல் பம்பின் மேல் தடவி, அந்த ஒற்றை வயரைப் பிடுங்கினாள்.

எஞ்சின் நின்றது. இந்த முறை அவள் நிறுத்தினாள்.

வயர் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியும் வரை உட்கார்ந்திருப்பாள். விடியட்டும், யாராவது வருவார்கள், இந்த வேன் லயத்துக்குப் போகாது. முதுகில் முட்டிய முழங்கால் எடுக்கப்படவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

போனில் கோடுகள் வந்திருந்தன. ஜீவராணி அக்காவை அழைத்தாள்.

“அக்கா, புள்ளைய வெளிய விட்டுராதீங்க. கதவப் பூட்டிக்கங்க.”

“ஏன்டி, என்னாச்சு? குரலு ஒரு மாதிரி இருக்கு?”

“பூட்டிக்கங்க அக்கா. பிரியந்தி எங்க?”

“அவளா? மரத்து மேல வேன் லைட்டு அடிச்சத வாசல்ல நின்னு பாத்தா. ‘அம்மா வந்துருச்சு, வேன் நின்னு போச்சு’ன்னு டோர்ச்ச எடுத்துக்கிட்டு ஓடிட்டாளே. இந்நேரம் ஒங்கிட்ட வந்திருப்பாடி.”

போன் மடியில் விழுந்தது.

மேலே, வளைவில், ஒரு சின்ன வெளிச்சம். ஆடி ஆடி இறங்கி வந்தது.

லோஜினி வயரைத் திரும்பக் குத்தினாள். விரல் நழுவியது. மறுபடி. மாட்டியது. சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. டக் என்ற சத்தம்கூட இல்லை. பல்பை வைத்தாள். எரியவில்லை. “எடு,” என்றாள் எஞ்சினைப் பார்த்து. “எடு, எடு, எடு.” ஹோர்னை அடித்தாள். ஊமை. லைட்டைப் போட்டாள். இருட்டு. கண்ணாடியைக் கை முட்டியால் அடித்தாள். ஆவியைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க மூடியது. “போயிரு! பிரியந்தி! வீட்டுக்கு ஓடு!”

வெளிச்சம் நின்றது. பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள். இன்னும் வேகமாக இறங்கி வந்தாள்.

பக்கக் கதவு ஓடித் திறந்தது.

லோஜினி திரும்பினாள். அன்றைக்கு முதல் முறையாக, முழுதாக, பின்னால் திரும்பினாள். டோர்ச் வெளிச்சம் திறந்த கதவால் உள்ளே விழுந்தது. யாரும் இல்லை. வரிசை வரிசையாகக் காலி சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம். நடைபாதைத் தகரத்தில் ஈரப் பாதங்கள், விரல்கள் எல்லாம் முன்னால் பார்த்தபடி. அவள் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே பாய்ந்தாள். பாய முடியவில்லை. நெஞ்சு ஈரக் கம்பளியில் மோதியது. கைகளைக் கொடுத்துத் தள்ளினாள். தோள்கள், எலும்பு துருத்திய தோள்கள். முழங்கைகள். கொழுந்துக் கூடையின் பிரம்பு விளிம்பு. திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதைப் போல முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் காற்றுக்குள் நசுங்கி நின்றாள். யாரோ ஒருத்தி, ஆறுதல் சொல்வதைப் போல, அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

பிரியந்தி படியில் ஏறி நின்றாள். மழைக் கோட்டில் நீர் சொட்டியது. அம்மாவைப் பார்க்கவில்லை. சீட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சீட்டாக, மரியாதையோடு.

“எடமே இல்லியே,” என்றாள்.

யாரோ அவளுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை காது கொடுத்துக் கேட்டாள். வெட்கப்பட்டாள்.

“பிரியந்தி, எறங்கு. அம்மா சொல்றேன், எறங்கு.”

“சரிங்க,” என்றாள் பிள்ளை, அம்மாவிடம் அல்ல. “அப்ப மடியில இருந்துக்கிறேன்.”

அவள் கால்கள் தகரத்தை விட்டு எழும்பின. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதைப் போல மழைக் கோட்டின் தோள்கள் உயர்ந்தன. திரும்பினாள், முன்பக்கம் பார்த்தாள், உட்கார்ந்தாள். சீட்டுக்கு ஒரு சாண் மேலே. கால்கள் ஆடின. வயிற்றின் குறுக்கே மழைக் கோட்டு இரண்டு பக்கமும் உள்ளமுங்கி, பின்னாலிருந்து யாரோ கட்டிப் பிடித்ததைப் போல இறுகியது. கோட்டிலிருந்து வழிந்த நீர் சீட்டில் விழவில்லை. அந்தரத்தில் தங்கி, கண்ணுக்குத் தெரியாத சேலை மடிப்புகளின் வழியே கோடு கோடாக ஓடி, ஒரு முழங்காலின் வளைவில் திரண்டு, அங்கிருந்து சொட்டியது.

கதவு சாத்திக்கொண்டது. யார் காலும் தொடாத பெடல்களின் மேல் எஞ்சின் பிடித்தது.

பிரியந்தி தலையைப் பின்னால் சாய்த்தாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடி, ஒரு கற்றை, தானாக எழும்பி, மெதுவாக, மிக மெதுவாக, காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது.